சீப்புக் குதிரை கரடு ஏறின கதை

ஒரு ஊர்ல ஒரு குதிரை இருந்துச்சு. முழுக் குதிரைன்னு சொல்ல முடியாது, பாதிதான் இருந்துச்சு. மீதிப் பாதியை அது இன்னும் சாப்பிடவே இல்லை.

சிரிக்காதே, படு. போர்வையை இழுத்துக்கோ. கேக்குறியா?

"ம்."

அந்த ஊருக்குப் பேரு ஊஞ்சப்பாளையம். ஊருக்கு மேற்கால ஒரு கரடு. கரடுன்னா, மலையாகணும்னு ஆரம்பிச்சு பாதியில மனசு மாறிப்போன பாறைக்கூட்டம். அதோட உச்சியில ஒரு கோயில். பங்குனி மாசம் திருவிழா வந்தா, ஊருக்குள்ள இருக்கிற கரட்டம்மன் சப்பரத்துல உக்காந்து உச்சிக்குப் போவா. ஆனா சும்மா போகமாட்டா. அவளுக்கு முன்னால ஒரு குதிரை போகணும். குதிரைக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு நகரா தொங்கும். நகரான்னா அண்டா மாதிரி பெரிய முரசு. நடுவுல ஒருத்தர் ஏறி உக்காந்து டும்... டும்... டும்முனு அடிச்சுகிட்டே போவார். அந்தச் சத்தம் உச்சிக்குப் போய்ச் சேர்ந்த அப்புறம்தான் கீழே சப்பரத்தைத் தோள்ல தூக்குவாங்க. குதிரை ஏறலைன்னா அம்மனும் ஏறமாட்டா.

"ஏன் ஏறமாட்டா?"

அவளுக்கு அப்படிப் பழக்கம். உனக்கு விளக்கு எரிஞ்சாத்தான் தூக்கம் வருது, அது மாதிரி.

அந்த வருஷம் பழைய குதிரைக்கு வயசாகி, ஒரு நாள் காலையில எழுந்திரிக்காமலே போயிடுச்சு. நகரா அடிக்கிறவர் செங்கோடன். அவர் பொண்டாட்டி பாவாயி. குதிரையைப் பார்த்துக்கிறது பாவாயி வேலை. அவ புதுக் குதிரை வாங்கச் சந்தைக்குப் போனா. அங்க பளபளன்னு எத்தனையோ குதிரை நின்னுச்சு. எல்லாத்தையும் விட்டுட்டு ஓரமா நின்ன ஒரு இளங்குதிரைகிட்ட போனா. அது அவ தோள்ல மூக்கை வெச்சு, புஸ்ஸ்ஸுன்னு ஒரு பெருமூச்சு விட்டுச்சு. அவ்வளவுதான். பிடிச்சுட்டு வந்துட்டா.

ஊரே கூடிப் பார்த்துச்சு. கால் நாலும் மூங்கில் குச்சி. கழுத்து ஒட்டடைக் கம்பு. விலா எலும்பு வரிவரியா, சீப்புப் பல்லு மாதிரி. காத்து அடிச்சா அந்த எலும்புக்குள்ள பூந்து விசில் அடிக்கும். அது வெயில்ல நின்னா அதோட நிழல்கூட, விழலாமா வேண்டாமான்னு யோசிச்சுதான் விழும். ஊர்ப் பிள்ளைங்க அதுக்குச் சீப்புன்னே பேர் வெச்சுட்டாங்க.

செங்கோடன் இருக்காரே, அவர் நேர் எதிர். அவர் கட்டில்ல உக்காந்தா கட்டில் "அய்யோ"ங்கும். எழுந்தா "அப்பாடா"ங்கும்.

அப்போ அங்க ஊர் நாட்டாமை பெரியண்ணன் வந்தார். வெள்ளை வேட்டி, தோள்ல துண்டு, செங்கோடனுக்குக் குறையாத அகலம். சீப்பை ஒரு சுத்து சுத்திப் பார்த்தார்.

"ஏம்மா பாவாயி, குதிரை வாங்கிட்டு வரச் சொன்னா எலும்பை மட்டும் வாங்கிட்டு வந்திருக்கற?"

"சதை பின்னால வருமுங்க."

"பின்னால எப்படி வரும்? பஸ்ஸு ஏறி வருமா?"

எல்லாரும் சிரிச்சாங்க. நாட்டாமை சிரிக்கலை. அவர்கிட்ட ராஜாத்தின்னு ஒரு எருமை இருந்துச்சு. அதுக்கு நெத்திச்சுட்டி கட்டி, கொம்புக்கு எண்ணெய் பூசி, மக மாதிரி வளர்த்தார். நகராவை ராஜாத்தி முதுகுல ஏத்தணும்னு அவருக்கு ரொம்ப நாள் ஆசை.

"இத பாரு பாவாயி. பங்குனித் திருவிழாவுக்குள்ள இந்தக் குதிரை தேறணும். கரடு ஏறலைன்னா, என்ற ராஜாத்திக்குத்தான் நகரா. என்ற மச்சான் செங்கல் சூளைக்குத்தான் குதிரை. மண்ணாவது சுமக்கட்டும்."

பாவாயிக்குச் சூளையைப் பத்தித் தெரியும். சூளையில பகல் பூராவும் வெயில், புகை, மண்ணு மூட்டை. இந்த உடம்பு அங்க ஒரு வாரம் தாங்காது. சீப்புக்கு அது எதுவும் தெரியாது. அது பாட்டுக்கு அவ காதை நக்கிகிட்டு நின்னுச்சு.

கேக்குறியா?

"ம். சூளைக்குப் போயிடுமா?"

அவசரப்படாதே. கேளு.

எதிர்வீட்டுல அங்காத்தான்னு ஒரு அம்மா. ஊர்ல யாருக்கு என்ன வந்தாலும் அவகிட்ட ஒரு யோசனை இருக்கும். கேட்டாலும் சொல்லுவா, கேக்கலைன்னா ரெண்டு தடவை சொல்லுவா. அவ வந்து மூக்குல விரலை வெச்சு, "பாவாயி, இது கண்ணு பட்ட உடம்புடி. ஊரே சுத்தி நின்னு பார்த்தா எந்த உடம்புலதான் சோறு ஒட்டும்? திங்கறப்ப ஒரு கண்ணும் படாம மறைச்சு வை"ன்னா.

அப்புறம் என்ன, சீப்பைச் சுத்தி நாலு பக்கமும் சேலை கட்டினாங்க. கன்னத்துல மையால ஒரு பொட்டு. நெத்தியில ஒரு பொட்டு. வாலுக்கு மேலயும் ஒரு பொட்டு, அங்கயும் யாராவது பார்த்துட்டான்னு. உள்ள புல்லை வெச்சுட்டு எல்லாரும் வெளிய வந்து, மூச்சு விடாம திரும்பி நின்னாங்க.

உள்ள இருந்து ஒரு சத்தமும் இல்லை.

கொஞ்ச நேரம் கழிச்சு சேலைக்கு நடுவுல ஒரு மூக்கு எட்டிப் பார்த்துச்சு. யாருமே இல்லையான்னு. அப்புறம் ஒரு கண்ணு. அங்காத்தா "ஐயையோ, பார்க்குது, பார்க்குது!"ன்னு சேலையை இழுத்து மூடிட்டா. உள்ள இருந்து "ஹீஈஈ"ன்னு ஒரு அழுகைக் கனைப்பு. புல்லு வெச்சது வெச்சபடி. இப்படியே பத்துப் பதினஞ்சு நாள். சீப்பு இன்னும் இளைச்சுது. சீப்பு ஈருளியாகிப் போச்சு.

"ஈருளின்னா?"

பேன் எடுக்குற சின்னச் சீப்பு. உனக்கு அது வேண்டாம், நல்ல தலை.

அப்போ அங்காத்தா ரெண்டாவது யோசனை சொன்னா. "புல்லைப் போட்டா யாருக்குடி ருசிக்கும்? புது மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தா என்ன பண்ணுவோம்? விருந்து வெப்போம். வேண்டாம் வேண்டாம்னாலும் வெப்போம். எலை மேல கையை வெச்சு மறைச்சா, கை மேலயே வெப்போம். ஒரே மாசத்துல மாப்பிள்ளைக்குச் சட்டை பத்தாது. இதுக்கும் அப்படி வெச்சுப் பாரு!"

ஊர்ல எல்லா வீட்டுலயும் அடுப்பு எரிஞ்சுது. ஒரு வீட்டுல பொங்கல். ஒரு வீட்டுல பச்சரிசிப் பாயசம். ஒரு வீட்டுல அதிரசம், நெய் சொட்டச் சொட்ட. இப்பத்தான் சுத்தி ஆளுங்க இருக்காங்களே, சீப்புக்கு ஒரே சந்தோஷம். அவங்க நீட்ட நீட்ட வாங்கிச்சு. மொச்சு மொச்சு, சளப்பு சளப்பு. பக்கத்துல உக்காந்து செங்கோடனும் சாப்பிட்டார், குதிரைக்குத் துணைக்குன்னு. துணைக்குப் பாவம், ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

சாயங்காலம் சீப்பு வயிறு பேச ஆரம்பிச்சுது. கடபுட, கடபுட, லொடக்! வயிறு நகரா மாதிரி வீங்கிப் போச்சு. அது படுக்கப் பார்க்குது, உருளப் பார்க்குது, வயித்தைத் திரும்பித் திரும்பிப் பார்க்குது. பாவாயி பயந்துட்டா. உருண்டா குடல் முறுக்கிக்கும்னு அவளுக்குத் தெரியும். கயித்தைப் பிடிச்சு நடத்தினா. தெருவுக்குள்ள மேலயும் கீழயும், மேலயும் கீழயும், "நட கண்ணு, நட தங்கம்"னு கெஞ்சிக் கெஞ்சி.

அப்போ எதிர்ல நாட்டாமை வந்தார். "என்ன பாவாயி, குதிரை தேறிடுச்சாட்ட இருக்குது, வயிறெல்லாம்..."ன்னு பின்னால போய்க் குனிஞ்சு பார்த்தார்.

அந்த நேரம்.

புர்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்!

நாட்டாமை தோள்துண்டு பறந்து போய் முருங்கை மரத்துல மாட்டிக்கிச்சு.

சரி, சிரிச்சுட்டு வா, நான் இருக்கேன்.

சீப்புக்கு உயிர் வந்துச்சு. நாட்டாமையோ, மூக்கைப் பிடிச்சுகிட்டு மரத்தைக் காட்டினார். அவ்வளவுதான்.

மறுநாள் பாவாயி பக்கத்து ஊருக்கு ஆள் அனுப்பி மாட்டு டாக்டரம்மாவை வரச் சொன்னா. அவங்க ஸ்கூட்டர்ல வந்து இறங்கி, சீப்பு வாய்க்குள்ள கையை விட்டாங்க.

"அட, பல்லு ஓரமெல்லாம் ரம்பம் மாதிரி இருக்கு. மெல்லும்போதெல்லாம் கன்னத்தைக் குத்துது. எப்படித் திங்கும்?"

ஒரு நீள அரத்தை எடுத்துத் தேய்ச்சாங்க. கர்ர்ர்... கர்ர்ர்... சீப்பு அமைதியா நின்னுச்சு. பார்த்துகிட்டிருந்த ஊர்தான் கன்னத்தைப் பிடிச்சுகிட்டு "ஸ்ஸ்ஸ்"னுச்சு. அப்புறம் பூச்சி மருந்து குடுத்தாங்க. மறுநாள் என்ன வெளிய வந்துச்சுன்னு, தூங்கப் போற பிள்ளைகிட்ட சொல்லமாட்டேன்.

"சொல்லு!"

புழு.

"ச்சீ!"

கேட்டியே, அதான். டாக்டரம்மா சொன்னாங்க: "புல்லு எந்நேரமும் முன்னால இருக்கணும். கொள்ளு ஊறவெச்சு, வேகவெச்சு, கொஞ்சம் கொஞ்சமா, பிரிச்சுப் பிரிச்சுக் குடுங்க. திடுதிப்புன்னு கூட்டாதீங்க. குதிரை தனியாத் திங்காது, பக்கத்துல யாராவது இருங்க. அப்புறம் தினமும் கரட்டுல ஏத்தி இறக்குங்க. முதல்ல கொஞ்ச தூரம், போகப் போக அதிகம். வெறுமனே தின்னா தொப்பைதான் வரும், சதை வராது."

தொப்பைன்னதும் எல்லாரும் செங்கோடனைப் பார்த்தாங்க. டாக்டரம்மாவும் பார்த்தாங்க.

"இவர்தான் மேல உக்காரப் போறவரா?"

"ஆமாங்க டாக்டரம்மா."

டாக்டரம்மா குதிரையைப் பார்த்தாங்க. செங்கோடனைப் பார்த்தாங்க. மறுபடியும் குதிரையைப் பார்த்தாங்க. "அதோட முதுகுல சதை பிடிக்கிற வரைக்கும் இவர் மேல உக்காரவே கூடாது. முன்னால நடக்கட்டும். அது பெருக்கட்டும், இவர் கொஞ்சம் குறையட்டும், நடுவுல எங்கயாவது சந்திச்சுக்கட்டும்"னு சொல்லிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பிட்டாங்க. டர்ர்ர்.

ஸ்கூட்டர் முக்கு திரும்பலை, அங்காத்தா வந்துட்டா.

"கொள்ளா! கொள்ளு தின்னா இளைக்குமேடி! என்ற மருமக கொள்ளு ரசமாக் குடிச்சுத்தான ரவிக்கையெல்லாம் பிடிச்சுத் தெச்சா? இருக்கறதே எலும்பு. கொள்ளையும் குடுத்தா எலும்பும் இளைச்சுப் போகும்!"

ஊருக்கே அது சரின்னு பட்டுச்சு. எல்லா வீட்டுலயும் யாரோ ஒருத்தர் கொள்ளு குடிச்சு இளைச்சவங்க இருந்தாங்க. நல்ல மனசுதான், குதிரையைக் காப்பாத்தணும்னுதான், ராவோட ராவா பாவாயி வீட்டுக் கொள்ளு மூட்டையைத் தூக்கிட்டுப் போய் அங்காத்தா வீட்டுப் பரண்ல ஒளிச்சுட்டாங்க. பாவாயி வீடு வீடா ஏறிக் கேட்டா. யாரும் வாயே திறக்கலை. கடைக்குப் போனா கடைக்காரரும் "கொள்ளு இல்லீங்க"ன்னு, கொள்ளு மூட்டை மேல உக்காந்துகிட்டே சொன்னார். செங்கோடனும் "ஏம்புள்ள, ஊரே சொல்லுதே"ன்னு தலையைச் சொறிஞ்சார். தை மாசம் பாதி போயிடுச்சு. புல்லு மட்டும் தின்னு சீப்பு நின்னுச்சு, சாகவும் இல்லை, தேறவும் இல்லை.

ஒரு நாள் நாட்டாமை மச்சான் சூளையில இருந்து கயித்தோட வந்து, சீப்பு கழுத்தை அளவு எடுத்துட்டுப் போனான்.

அன்னிக்குப் பாவாயி தெரு நடுவுல வந்து நின்னா. சத்தம் போடலை. மெதுவாத்தான் கேட்டா.

"ஏனுங்க அங்காத்தாக்கா, கொள்ளு தின்னா கண்டிப்பா இளைக்குமா?"

"சத்தியமா இளைக்கும்."

"அப்ப அதை என்ற வீட்டுக்காரருக்குக் குடுக்கறனுங்க. அவரு இளைக்கணும்னு டாக்டரம்மாவே சொன்னாங்கல்ல? மூட்டையை இறக்குங்க."

மூட்டை பரண்ல இருந்து இறங்குச்சு. தொப்!

பாவாயி பெரிய பானையில கொள்ளை வேகவெச்சா. தண்ணியை வடிச்சு, பூண்டு, மிளகு தட்டிப் போட்டு ரசம் வெச்சுச் செங்கோடனுக்குக் குடுத்தா. அடியில நின்ன வெந்த கொள்ளு இருக்கே, அதை என்ன பண்றது? கொட்டவா முடியும்? குதிரைக்கு வெச்சா. பக்கத்துல புருஷனை உக்கார வெச்சா. சீப்பு நறுக் நறுக்னு மென்னுச்சு. செங்கோடன் சர்ர் சர்ர்னு உறிஞ்சினார்.

"ஏம்புள்ள, தொட்டுக்க ஒரு வடை?"

"குதிரை வடையா கேக்குது?"

"அது வாயில்லாத ஜீவன்."

"நீங்களும் கொஞ்ச நாளைக்கு அப்படியே இருங்க மாமா."

அப்புறம் விடியக்காலையில ரெண்டு பேரும் கரட்டுக்குக் கிளம்புவாங்க. முன்னால செங்கோடன், பின்னால சீப்பு. முதல் நாள் அடிவாரப் புளியமரம் வரைக்கும்தான் முடிஞ்சுது. ரெண்டும் நின்னு மூச்சு வாங்குச்சு. புஸ்ஸ், ஹஸ்ஸ், புஸ்ஸ், ஹஸ்ஸ். எது குதிரை மூச்சு எது மனுஷன் மூச்சுன்னு மரத்துக்கே தெரியலை. அப்புறம் ஓடை மணல் வரைக்கும். சரக், சரக். மணல் காலைப் பிடிச்சு இழுக்கும், பிடுங்கிப் பிடுங்கி நடக்கணும். அப்புறம் மொட்டைப்பாறை வரைக்கும். செங்கோடன் வாயாலயே "டும்... டும்..."னு சொல்லிகிட்டே, ஆடி ஆடி முன்னால நடப்பார். அந்த அகல முதுகையே பார்த்துகிட்டு, டக் டக்னு சீப்பு பின்னால போகும். போகப் போக முதுகுல மண்ணு மூட்டையும் ஏத்தினாங்க, பழகணும்ல? முதல்ல சின்ன மூட்டை. அப்புறம் பெரிய மூட்டை.

மாசிக் கடைசியில பார்த்தா, விலா எலும்பைக் காணோம். பின்னந்தொடை, பிசைஞ்சு உருட்டி வெச்ச மாவு மாதிரி திரண்டு நிக்குது. கழுத்து வில்லு மாதிரி வளைஞ்சிருக்கு. தோலு எண்ணெய் தேய்ச்ச மாதிரி மினுங்குது. செங்கோடனோ, அரைஞாண் கயித்தை மூணு தடவை இறுக்கிக் கட்டிட்டார்.

ஊர் குழம்பிப் போச்சு.

"ஒரே பானை. அதைத் தின்னுதான் குதிரை பெருத்துச்சு, அதைக் குடிச்சுத்தான் மனுஷன் இளைச்சான். எப்படி?"

அங்காத்தா யோசிச்சு யோசிச்சுக் கண்டுபிடிச்சா. "பானைடி! அந்தப் பானைக்குக் கண்ணு இருக்குது! யாருக்கு என்ன வேணும்னு அதுக்குத் தெரியுது!"

அவ்வளவுதான். பானைக்கு மஞ்சள் பூசினாங்க, பொட்டு வெச்சாங்க. ஒல்லிப் பிள்ளைங்களைத் தூக்கிட்டு ஒரு வரிசை, குண்டுப் புருஷனைத் தள்ளிகிட்டு ஒரு வரிசை. பாவாயிக்குக் குதிரைக்குக் கொள்ளு வேகவைக்கப் பானை கிடைக்கலை. "கரடு ஏறுங்கடி, கரடு ஏறுனா எல்லாம் சரியாப் போகும்"னு அவ கத்திப் பார்த்தா. யாரு கேப்பா? பானையைக் கும்பிடறதுக்கு மூச்சு வாங்க வேண்டியதில்லையே. கடைசியில குண்டானை எடுத்து வெச்சுக்கிட்டா.

தூங்கிட்டியா?

"இல்லை. திருவிழா வந்துச்சா?"

வந்துச்சு. கொட்டு, குழல், வேட்டு. சீப்புக்கு முகப்படாம், கழுத்துல சலங்கை, ரெண்டு பக்கமும் நகரா. செங்கோடன் ஏறி உக்காந்தார். சீப்பு அசையாம தாங்குச்சு. டும்... டும்... கிளம்பியாச்சு. சலங் சலங். புளியமரம் தாண்டியாச்சு. ஓடை மணல் தாண்டியாச்சு. கீழ சனம் கையைத் தட்டுது. மொட்டைப்பாறை வந்துச்சு.

சீப்பு நின்னுடுச்சு.

செங்கோடன் குதிகாலால தட்டினார். ம்ஹூம். கொஞ்சினார். ம்ஹூம். சீப்புக்கு மூச்சு வாங்கலை, கால் நடுங்கலை. தலையை மட்டும் தூக்கி இங்க பார்க்குது, அங்க பார்க்குது. எதையோ தேடுது.

"பார்த்தீங்களா, நான் அப்பவே சொன்னேன்!"னு நாட்டாமை துள்ளினார். "கொண்டாங்கடா என்ற ராஜாத்தியை!"

ரெண்டு பேர் ஓடினாங்க. திரும்பி ஓடி வந்தாங்க. "நாட்டாமைங்க, ராஜாத்தி நகராச் சத்தம் கேட்டதும் குளத்துல எறங்கிருச்சுங்க. மூக்கு மட்டும்தான் வெளிய இருக்குது. கூப்புட்டா அதையும் உள்ள இழுத்துக்குதுங்க."

நாட்டாமைக்கு வந்த கோபம்! "ரெண்டும் உருப்படாது! இன்னிக்கு அம்மன் ஏற மாட்டான்னு நானே மேல போய்ப் பூசாரிகிட்ட சொல்லிட்டு வரேன். அந்தக் குதிரையைச் சூளைக்கு ஓட்டுங்க!"ன்னு துண்டை உதறித் தோள்ல போட்டுகிட்டு, விடுவிடுன்னு பாதையில ஏறினார்.

பாவாயி கயித்தைப் பிடிக்கப் போனா.

அப்போ சீப்பு காதை நிமித்துச்சு. எதிர்ல, வெள்ளை வேட்டி, தோள்ல துண்டு, ஆடி ஆடி ஏறுற ஒரு அகல முதுகு! மொட்டைப்பாறை வரைக்கும் பழகின பாதை, அதுக்கு மேல கூட்டிட்டுப் போக தினமும் முன்னால போற முதுகு எங்கன்னுதானே அது இவ்வளவு நேரமும் தேடுச்சு? அந்த முதுகு தன் மேலயே ஏறி உக்காந்திருக்குன்னு அதுக்கு எப்படித் தெரியும்?

டக்.

டக் டக்.

நாட்டாமை திரும்பிப் பார்த்தார். குதிரை. வேகமா நடந்தார். குதிரையும் வேகமா நடந்துச்சு. "ஏய், போ! சூ!" அவர் ஓடினார். குதிரையும் ஓடுச்சு. டக்கடக் டக்கடக்! அவ்வளவு செங்குத்துல, முதுகுல ஆளு, ரெண்டு பக்கமும் நகரா, பின்னந்தொடை ரெண்டும் திரண்டு திரண்டு தள்ளுது பாரு, கல்லு தெறிக்குது! செங்கோடன் விழாம இருக்க நகராவைப் பிடிக்கறார், பிடிச்ச கை அடிச்சுடுது. டும்டும்டும்டும்!

பாவாயி கீழ இருந்து கத்தினா: "நாட்டாமைங்க, நிக்காதீங்க! சாமி புண்ணியமாப் போகும், ஓடுங்க!"

வேட்டியைத் தூக்கிக் கட்டிகிட்டு நாட்டாமை ஓடினார் ஓடினார், கோயில் வாசல்ல போய்த்தான் விழுந்தார். சீப்பு அவர் பக்கத்துல நின்னு, அவர் தலையை மோந்து பார்த்து, புஸ்ஸ்ஸுன்னுச்சு. பூசாரி மணி அடிச்சார். கீழ சனம் "ஓஓஓ"ன்னு ஆர்ப்பரிச்சுது. கரட்டம்மன் சப்பரம் தோள்ல ஏறுச்சு.

நாட்டாமைக்குப் பேச்சு வர ரொம்ப நேரமாச்சு. அதுக்குள்ள ஊரே மேல வந்து, "குதிரையை உச்சிக்குக் கூட்டிட்டு வந்த நாட்டாமை!"ன்னு அவருக்கு மாலை போட்டுடுச்சு. அவர் மாலையைப் பார்த்தார். குதிரையைப் பார்த்தார்.

மச்சான் கயித்தோட வந்து, "மாமா, சூளைக்கு..."ன்னான்.

"சூளைக்கா? எவன்டா சொன்னது? இது நான் கூட்டிட்டு வந்த குதிரைடா! அடுத்த வருஷமும் நான்தான் முன்னால ஓடுவேன்!"

"ம்..."

அன்னிக்குப் பொழுது சாயற நேரம். எல்லாம் முடிஞ்சு, பாவாயி தொட்டியில தண்ணி வைக்க வந்தா. பார்த்தா, சீப்பு தரையில கிடக்குது. கால் நாலையும் நீட்டிப் போட்டு, கழுத்தைச் சாய்ச்சு, அசைவே இல்லை. குடம் கையை விட்டு விழுந்துச்சு. "ஏனுங்க! ஓடியாங்க!"

செங்கோடன் ஓடி வந்து, மண்டி போட்டு, அதோட வயித்துல காதை வெச்சுக் கேட்டார்.

கொர்ர்ர்... கொர்ர்ர்...

குதிரைங்க நின்னுகிட்டே தூங்கும், தெரியுமா? எப்ப யாரு வந்து ஓட்டுவாங்களோன்னு பாதித் தூக்கம்தான். இதுதான் நம்ம இடம், இங்கயிருந்து நம்மளை யாரும் கொண்டு போகமாட்டாங்கன்னு மனசுக்குத் தெரிஞ்சாத்தான் இப்படி முழுசாச் சாயும். அந்த வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து சீப்பு ஒரு தடவைகூட அப்படிப் படுத்ததில்லை.

பாவாயி பக்கத்துல உக்காந்தா. அதோட கழுத்து மேல கையை வெச்சா. கழுத்து மேல ஏறுச்சு, கீழ இறங்குச்சு. மேல ஏறுச்சு, கீழ இறங்குச்சு.

குதிரை படுத்தாச்சு. கதையும் அது பக்கத்துலயே படுத்தாச்சு. நீயும் காலை நீட்டு, தூங்கு.